எத்திலீன் பாலிதீன் ஆகிறது, ஈத்தேன் ஏன் ஆவதில்லை?

பிளஸ் டூ படிக்கும் ஒருவர் கேட்டிருந்த கேள்வி இது: "எத்திலீன் பாலிதீனாக மாறும்போது எதுவும் வெளியேறுவதில்லை. நைலான் 66 உருவாகும்போது மட்டும் தண்ணீர் வெளியேறுகிறது. ஏன் இந்த வித்தியாசம்? எது சேர்ப்புப் பலபடியாக்கல், எது குறுக்கப் பலபடியாக்கல் என்று அட்டவணையை மனப்பாடம் செய்யாமல் சொல்ல வழி இருக்கிறதா? நைலான் 6 எந்தப் பக்கம் சேரும்?"

வழி இருக்கிறது. ஒருபடி (மோனோமர்) எனும் சிறு மூலக்கூறுகளை நீண்ட சங்கிலியாகக் கோப்பதுதான் பலபடியாக்கல்; எதுவும் வெளியேறாமல் கோத்தால் சேர்ப்பு, தண்ணீர் போன்ற சிறு மூலக்கூறு வெளியேறினால் குறுக்கம். அட்டவணையை ஓரமாக வைத்துவிட்டு, ஒருபடியின் அமைப்பை மட்டும் தாளில் வரைந்துகொள்ளுங்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பக்கத்தில் இருப்பதைப் பிடித்துக்கொள்ள இந்த மூலக்கூறுக்கு இரண்டு கைகள் எங்கிருந்து கிடைக்கின்றன? ஒரு கை மட்டும் இருந்தால் ஜோடிதான் சேரும், வரிசை நீளாது. இரண்டு கை இருந்தால் சங்கிலி. மூன்று இருந்தால் வலை. இந்தப் பாடத்தில் வரும் மற்ற எல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

முதலில் சங்கிலி ஆகாத ஒரு வினையைப் பார்ப்போம். எத்தனாலோடு அசிட்டிக் அமிலத்தைக் கலந்து, கொஞ்சம் அடர் கந்தக அமிலம் விட்டுச் சூடாக்கினால் எத்தில் அசிட்டேட் கிடைக்கிறது. பழ வாசனை வரும், ஆய்வகத்தில் நீங்களே முகர்ந்திருப்பீர்கள். மூலக்கூறு நிறையில் பார்த்தால், எத்தனாலின் 46-உம் அமிலத்தின் 60-உம் சேர்ந்து 106. அதில் 18 தண்ணீராகப் போக, மீதி 88. அத்தோடு சரி. எத்தனாலில் இருந்த ஒரே ஹைட்ராக்சில் தொகுதி செலவாகிவிட்டது, அமிலத்தில் இருந்த ஒரே கார்பாக்சில் தொகுதியும் செலவாகிவிட்டது. மேற்கொண்டு சேர வழியில்லை.

இப்போது எத்தனாலுக்குப் பதில் இரு முனையிலும் ஹைட்ராக்சில் உள்ள எத்திலீன் கிளைக்காலையும், அசிட்டிக் அமிலத்துக்குப் பதில் இரு பக்கமும் கார்பாக்சில் உள்ள டெரிஃப்தாலிக் அமிலத்தையும் எடுங்கள். வினை மாறவில்லை, அதே எஸ்டராக்கல்தான். ஆனால் ஒரு முனை இணைந்த பிறகும் மறு முனை சும்மா இருக்கிறது. அது இன்னொன்றைப் பிடிக்கிறது, அதன் மறு முனை இன்னொன்றை. 166-உம் 62-உம் சேர்ந்து 228, இரண்டு தண்ணீர் போக 192 நிறையுள்ள அலகு திரும்பத் திரும்ப வரும் பாலியெஸ்டர். இங்கிலாந்தில் வின்ஃபீல்ட், டிக்சன் என்ற வேதியியலாளர்கள் 1941-ல் உருவாக்கிய டெரிலீன் இதுதான். இன்றைய தண்ணீர் பாட்டிலும் இதே பொருள்தான். புது வகை வினை எதையும் இதற்காகக் கண்டுபிடிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பத்தாம் வகுப்பு எஸ்டர் வினைக்கு இரண்டு முனை கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

சரி, எத்திலீனுக்கு வருவோம். அதில் ஹைட்ராக்சிலும் இல்லை, கார்பாக்சிலும் இல்லை. இரண்டு கார்பன், நான்கு ஹைட்ரஜன் மட்டுமே. கைகள் எங்கே? இரட்டைப் பிணைப்புக்குள் மடங்கியிருக்கின்றன. அந்த இரட்டைப் பிணைப்பில் ஒன்று சிக்மா, இன்னொன்று பை. பை எலக்ட்ரான்கள் இரு கார்பன் அணுக்களையும் இணைக்கும் கோட்டுக்கு மேலும் கீழுமாகப் பரவியிருப்பதால் பிடி தளர்வாக இருக்கும். அதைத் திறந்தால், இரண்டு கார்பனுக்கும் ஆளுக்கு ஒரு எலக்ட்ரான் கிடைக்கும், ஆளுக்கு ஒரு பிணைப்பு வெளியே போட முடியும். சிக்மா பிணைப்பு அப்படியே நிற்பதால் மூலக்கூறு உடைவதில்லை. ஈத்தேனில் எல்லாமே சிக்மா; திறக்க எதுவும் இல்லை. அதனால்தான் ஈத்தேன் எத்தனை அழுத்தினாலும் பாலிதீன் ஆகாது.

திறப்பதால் என்ன லாபம் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். கார்பன்–கார்பன் இரட்டைப் பிணைப்பின் ஆற்றல் மோலுக்குச் சுமார் 610 கிலோஜூல். ஒற்றைப் பிணைப்புக்குச் சுமார் 347. ஓர் இரட்டைப் பிணைப்பு போய் இரண்டு ஒற்றைப் பிணைப்பு வருகிறது என்றால், 610 கொடுத்து 694 வாங்குகிறோம். சங்கிலியில் சேரும் ஒவ்வொரு மோல் எத்திலீனுக்கும் 80 கிலோஜூலுக்கு மேல் வெப்பம் வெளியேறுகிறது. தொழிற்சாலையில் பெரிய தலைவலியே அந்த வெப்பத்தை இழுத்து வெளியே விடுவதுதான்.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வரவேண்டும். இவ்வளவு லாபம் என்றால் எத்திலீன் ஏன் தானாகவே பாலிதீன் ஆகிவிடுவதில்லை? பழுக்கும் வாழைப்பழம் வெளிவிடும் வாயுவும் எத்திலீன்தானே! தொடங்கிவைக்க ஒன்று இல்லை என்பதே பதில். அந்த வேலையைத்தான் பென்சாயில் பெராக்சைடு செய்கிறது. அதில் இரண்டு ஆக்சிஜன்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிணைப்பு பலவீனமானது. சூடு பட்டதும் அது சரிபாதியாகப் பிளந்து, ஜோடி இல்லாத எலக்ட்ரானோடு இரண்டு துண்டுகள் வரும். அவைதான் தனி உறுப்புகள்.

இந்த இடத்தை மெதுவாகப் படியுங்கள், தேர்வில் வினைவழிமுறை கேட்டால் இதுதான் விடை. தனி உறுப்பு ஒன்று எத்திலீனிடம் வருகிறது. அதன் பை ஜோடியிலிருந்து ஒரு எலக்ட்ரானை எடுத்து, தன் ஒற்றை எலக்ட்ரானோடு ஜோடி சேர்த்து, ஒரு கார்பனோடு பிணைந்துகொள்கிறது. பை ஜோடியில் மிச்சமிருந்த எலக்ட்ரான் அடுத்த கார்பனில் தனியாக நிற்கிறது. இப்போது அந்தக் கார்பன் தனி உறுப்பு. அது அடுத்த எத்திலீனிடம் அதையே செய்கிறது. ஒவ்வொரு தடவையும் சங்கிலி இரண்டு கார்பன் நீள்கிறது. ஒற்றை எலக்ட்ரான் எப்போதும் கடைசிக் கார்பனில்தான். அப்படிப்பட்ட இரண்டு முனைகள் நேருக்கு நேர் சந்தித்துப் பிணைந்துகொண்டால் வளர்ச்சி நின்றுவிடும். அல்லது ஒரு முனை இன்னொன்றிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பறித்துக்கொண்டாலும் நின்றுவிடும். தொடக்கம், வளர்ச்சி, முடிவு என்று பாடநூலில் இருக்கும் மூன்று படிகள் இவைதான். எந்தப் படியிலும் எதையும் வெளியே தள்ளவில்லை என்பதைப் பாருங்கள். இருந்த அணுக்கள் எல்லாம் சங்கிலிக்குள்ளேயே இருக்கின்றன. எத்திலீனின் நிறை 28. பாலிதீனில் திரும்ப வரும் அலகின் நிறையும் 28.

"எதுவும் வெளியேறுவதில்லை" என்பதற்கு வேதியியல் வரலாற்றிலேயே அருமையான சாட்சி ஒன்று இருக்கிறது. 1938 ஏப்ரல் 6 அன்று, அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் டூபான்ட் நிறுவனத்தின் ஆய்வகத்தில் ராய் பிளங்கெட் என்ற வேதியியலாளர் குளிர்பதன வாயு ஆராய்ச்சிக்காக டெட்ராபுளூரோ எத்திலீன் வாயுவைச் சிறிய உருளைகளில் அடைத்து வைத்திருந்தார். அன்று ஓர் உருளையின் வால்வைத் திறந்தால் வாயு வரவில்லை. கசிந்து போயிருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் உருளையை எடை போட்டால் வாயு இருந்தபோது என்ன எடையோ அதே எடை. உள்ளே இருந்தது எங்கேயும் போகவில்லை! உருளையை அறுத்துப் பார்த்தார்கள். வழுவழுப்பான வெள்ளைத் தூள். வாயு மூலக்கூறுகள் தங்களுக்குள்ளேயே சேர்ந்து டெஃப்லான் ஆகியிருந்தன. வாயு தீர்ந்தது, எடை தீரவில்லை. சேர்ப்புப் பலபடியாக்கலுக்கு இதைவிடத் தெளிவான செய்முறை விளக்கம் எனக்குத் தெரிந்து கிடையாது.

பாலிதீனும் இப்படி எதிர்பாராமல் கிடைத்ததுதான். இங்கிலாந்தின் செஷயரில் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் 1933 மார்ச்சில் ஃபாசெட்டும் கிப்சனும் எத்திலீனைப் பென்சால்டிஹைடோடு வினைபுரியவைக்க, 170 டிகிரி செல்சியசில், வளிமண்டலத்தைப் போல 2,000 மடங்கு அளவிலான அழுத்தம் கொடுத்தார்கள். நினைத்த வினை நடக்கவில்லை; மெழுகு மாதிரி வெள்ளைப் பொருள் கொஞ்சம் ஒட்டியிருந்தது. திரும்பச் செய்தால் சரியாக வரவில்லை. வாயுவில் தப்பித் தவறிக் கலந்திருந்த துளி ஆக்சிஜன்தான் தொடங்கிவைத்தது என்பது பிறகுதான் புரிந்தது. இந்த உயர் அழுத்த முறையில் வளரும் முனை சில சமயம் வளைந்து, தன் சங்கிலியிலிருந்தே ஒரு ஹைட்ரஜனைப் பறித்துவிடும். அப்போது ஒற்றை எலக்ட்ரான் நடுவில் எங்கோ உட்கார்ந்துகொள்ளும், அங்கிருந்து கிளை வளரும். கிளைகள் இருந்தால் சங்கிலிகள் நெருங்கி அடுக்கிக்கொள்ள முடியாது. அதுதான் குறைந்த அடர்த்தி பாலிதீன், மெல்லிய பை. 1953-ல் ஜெர்மனியில் கார்ல் சீக்ளர் டைட்டானியம் குளோரைடையும் அலுமினிய ஆல்கைலையும் வினைவேக மாற்றியாக வைத்துச் சாதாரண அழுத்தத்திலேயே கிளை அதிகமில்லாத நேர்ச் சங்கிலிகளைச் செய்தார். அது உயர் அடர்த்தி பாலிதீன். தண்ணீர் கேன், குடம் எல்லாம் அதில்தான். இரண்டுக்கும் ஒருபடி ஒன்றே. கிளை மட்டும்தான் வேறு.

இனி நைலான் 66. ஒரு பக்கம் ஆறு கார்பன் உள்ள ஹெக்சாமெத்திலீன் டைஅமீன், நிறை 116. மறு பக்கம் ஆறு கார்பன் உள்ள அடிபிக் அமிலம், நிறை 146. பெயரில் இரண்டு ஆறு வருவது இதனால்தான். இந்த மூலக்கூறுகளில் மடங்கிய கை எதுவும் இல்லை. திறக்கப் பை பிணைப்பு கிடையாது. (கார்பாக்சிலில் உள்ள கார்பன்–ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு கடைசி வரை அப்படியே இருக்கும்.) இரு முனைகளும் வெளியே தெரிகின்றன, ஆனால் ஏற்கனவே எதையோ பிடித்துக்கொண்டிருக்கின்றன. அமில முனை ஹைட்ராக்சிலைப் பிடித்திருக்கிறது, அமீன் முனை ஹைட்ரஜனை. கையில் இருப்பதை விட்டால்தான் ஒன்றையொன்று பிடிக்க முடியும். விட்ட ஹைட்ராக்சிலும் ஹைட்ரஜனும் சேர்ந்து தண்ணீர் ஆகின்றன. உங்கள் கேள்வியின் முதல் பாதிக்கு விடை இவ்வளவுதான். எத்திலீனில் கைகள் சும்மா மடங்கியிருந்தன, திறந்தால் போதும். நைலானில் கைகள் நிறைந்திருந்தன, எதையாவது கீழே போட்டாக வேண்டும்.

எத்தனை தண்ணீர் என்று கேட்டால் பலரும் தடுமாறுகிறார்கள். n டைஅமீன் மூலக்கூறுகளும் n அமில மூலக்கூறுகளும் எடுத்தால் மொத்தம் 2n மூலக்கூறுகள். அத்தனையையும் ஒரே சங்கிலியாக்க 2n கழித்தல் 1 பிணைப்பு வேண்டும். ஒவ்வொரு பிணைப்புக்கும் ஒரு தண்ணீர். சங்கிலி நீளமாக இருக்கும்போது அந்த ஒன்று பொருட்டில்லை என்பதால் சமன்பாட்டில் 2n என்று எழுதுகிறார்கள். அலகின் நிறையைச் சரிபாருங்கள்: 116-உம் 146-உம் சேர்ந்து 262, அதில் 36 போக 226.

வெளியேறுவது எப்போதும் தண்ணீர்தான் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். வகுப்பறையில் நைலான் நூல் இழுத்துக் காட்டும் சோதனையில் அடிபிக் அமிலத்துக்குப் பதில் அதன் குளோரைடை எடுப்பார்கள். டைஅமீனும் சோடியம் ஹைட்ராக்சைடும் கரைந்த தண்ணீர் பீக்கரில் கீழே. அதன் மேல், பக்கவாட்டில் வழியவிட்டு, அந்தக் குளோரைடு கரைந்த ஹெக்சேனை மெதுவாக ஊற்ற வேண்டும். இரண்டும் கலக்காது, தொடும் இடத்தில் உடனே வெள்ளையாக ஏடு படியும். இடுக்கியால் நடுவில் பிடித்துத் தூக்கினால், தூக்கத் தூக்க அடியில் புது ஏடு படிந்துகொண்டே வரும். ஈரமான நூலாக நீண்டுகொண்டே போகும், கண்ணாடிக் கோலில் சுற்றிக்கொள்ளலாம். இங்கே வெளியேறுவது ஹைட்ரஜன் குளோரைடு. அதைச் சரிக்கட்டத்தான் சோடியம் ஹைட்ராக்சைடு. கையுறை, கண்ணாடி இல்லாமல் இதைச் செய்யவே கூடாது; நூலை நன்றாக அலசாமல் தொடவும் கூடாது. பள்ளியில் வசதி இருந்தால் ஆசிரியரிடம் கேட்டு ஒரு முறை பார்த்துவிடுங்கள். பத்துப் பக்கம் படிப்பதைவிட மேல்.

இரண்டு வகைக்கும் நடுவில் பாடநூல் வேகமாகத் தாண்டிவிடும் ஒரு வேறுபாடு இருக்கிறது. எனக்கு இதுதான் இந்தப் பாடத்தின் உயிர். பாலிதீனில், தொடங்கிய சங்கிலி நொடிப்பொழுதில் நீண்டு முடிந்துவிடுகிறது. பாதி வினையில் கலனைத் திறந்து பார்த்தால் முழு நீளச் சங்கிலிகளும், தொடப்படாத எத்திலீனும்தான் இருக்கும். நைலானில் அப்படியில்லை. யார் வேண்டுமானாலும் யாரோடும் சேரலாம். முதலில் இரண்டிரண்டாக, அப்புறம் மூன்று, நான்கு; பிறகு நாலும் ஆறும் சேர்ந்து பத்து. ஆரம்பத்திலேயே ஒருபடிகள் கிட்டத்தட்டத் தீர்ந்துவிடும், ஆனால் நீளமான சங்கிலி ஒன்றுகூட இருக்காது. சங்கிலி வளர்ச்சி, படிவளர்ச்சி என்ற பெயர்கள் இதைத்தான் சொல்கின்றன.

டூபான்ட் நிறுவனத்தில் நைலானை உருவாக்கிய வாலஸ் கரோதர்ஸ் இதற்கு எளிய சூத்திரம் தந்திருக்கிறார். முனைகளில் எவ்வளவு பங்கு வினைபுரிந்தது என்பதை ஒன்றிலிருந்து கழித்து, அந்த மிச்சத்தால் ஒன்றை வகுத்தால், ஒரு சங்கிலியில் சராசரியாக எத்தனை ஒருபடிகள் என்பது வரும். 90 சதவீதம் வினைபுரிந்தால் 10. 95 சதவீதம் என்றால் 20. 99 என்றால் 100. நைலான் 66-ல் ஒரு ஒருபடிக்குச் சராசரியாக 113 நிறை என்பதால், 95 சதவீதத்தில் கிடைப்பது 2,260 நிறையுள்ள உடையும் பொருள். 99-ல் 11,300, அதாவது நூல் இழுக்கத்தக்கது. மற்ற கரிம வினைகளில் 95 சதவீத விளைச்சலைக் கொண்டாடுவார்கள், இங்கே அது தோல்வி.

கடைசிச் சில சதவீதம் கிடைக்க இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, தண்ணீரை விடாமல் வெளியேற்றுவது. இல்லாவிட்டால் வினை திரும்பிவிடும். 1930-ல் கரோதர்ஸ் குழுவில் ஜூலியன் ஹில் வெற்றிடத்தில் இயங்கும் ஒரு வடிகருவியை வைத்துத் தண்ணீரைத் துரத்தியபோதுதான், இழுத்தால் நூலாக நீளும் பாலியெஸ்டர் முதன்முதலாக வந்தது. இரண்டு, அமிலமும் அமீனும் மிகச் சரியாக ஒன்றுக்கு ஒன்று. எது கொஞ்சம் அதிகமானாலும் எல்லாச் சங்கிலியின் இரு முனையிலும் அதுவே நின்றுவிடும், சேர ஆள் இருக்காது. இதற்கு அழகான தீர்வு உண்டு. இரண்டையும் முதலில் கலந்தால் அமிலமும் காரமும் சேர்ந்து உப்பாகின்றன. உப்பில் விகிதம் தானாகவே ஒன்றுக்கு ஒன்று. அந்த உப்பைச் சுத்தப்படுத்தி, பிறகு சூடாக்குகிறார்கள். கரோதர்ஸ் குழு நைலான் 66-ஐ முதலில் செய்தது 1935 பிப்ரவரி 28-ல்.

மூன்று கை உள்ள மூலக்கூறு ஒன்று: ஃபீனால். ஹைட்ராக்சிலுக்கு இரு பக்கமும் உள்ள ஆர்த்தோ இடங்கள் இரண்டு, எதிரே பாரா இடம் ஒன்று. ஃபார்மால்டிஹைடு இரண்டு வளையங்களுக்கு நடுவே ஒரு கார்பனைப் பாலமாக வைக்கிறது, ஒரு தண்ணீர் போகிறது. மூன்று இடத்திலும் பாலம் விழுந்தால் எல்லாத் திசையிலும் வலைதான். 1907-ல் லியோ பேக்லாண்ட் செய்த பேக்லைட் இது. குக்கர் கைப்பிடி சூட்டில் ஏன் உருகுவதில்லை என்றால், நழுவுவதற்குத் தனிச் சங்கிலி என்று அங்கே எதுவும் இல்லை. உருகவேண்டுமானால் பிணைப்பே உடைய வேண்டும், அதற்குள் கருகிவிடும்.

இயற்கை ரப்பரின் ஒருபடியான ஐசோபிரீனையும் தொட்டுவிடுவோம், அதை வரைவதில் பலர் மதிப்பெண் இழக்கிறார்கள். அதில் இரண்டு இரட்டைப் பிணைப்பு. இரண்டும் திறந்து, நடுவில் இருந்த இரண்டு எலக்ட்ரான்கள் தங்களுக்குள் ஜோடி சேர்ந்துகொள்ள, ஓரத்து இரண்டும் கைகளாகின்றன. ஆகவே பலபடியின் ஒவ்வொரு அலகிலும் நடுவில் ஓர் இரட்டைப் பிணைப்பு மிஞ்ச வேண்டும். கந்தகம் சேர்த்து ரப்பரை வலுப்படுத்தும்போது கந்தகம் பிடித்துக்கொள்வது அந்த இரட்டைப் பிணைப்பை ஒட்டிய இடங்களைத்தான்.

இப்போது அட்டவணை இல்லாமல் கண்டுபிடிக்கும் வழி. ஒருபடி கொடுத்தால் கைகளைத் தேடுங்கள்: கார்பன்–கார்பன் இரட்டைப் பிணைப்பு மட்டும் என்றால் சேர்ப்பு, இரு முனையிலும் வினைச்செயல் தொகுதிகள் (ஹைட்ராக்சில், கார்பாக்சில், அமீன் போன்றவை) என்றால் குறுக்கம். பலபடியைக் கொடுத்து ஒருபடி கேட்டால் முதுகெலும்பை மட்டும் பாருங்கள். நெடுகக் கார்பன் மட்டுமே என்றால் பெரும்பாலும் சேர்ப்பு. நடுநடுவே ஆக்சிஜனோ நைட்ரஜனோ வந்தால் பெரும்பாலும் குறுக்கம். அந்த இடத்தில் வெட்டி, தண்ணீரைத் திரும்பக் கொடுத்தால் ஒருபடி வந்துவிடும். பேக்லைட் இந்த இரண்டாம் விதிக்கு அடங்காது, அதை மட்டும் நினைவில் வையுங்கள்.

தண்ணீரைத் திரும்பக் கொடுப்பது தாளில் மட்டும் நடப்பதில்லை. குளுக்கோஸ் 180, தண்ணீர் போக 162. அந்த அலகுகள் கோத்த ஸ்டார்ச்சை உமிழ்நீர் அதே வழியில் திருப்பி வெட்டத் தொடங்குகிறது. பாலிலாக்டிக் அமிலத்தில் செய்த தையல் நூல் உடலுக்குள் கரைவது அதன் எஸ்டர் பிணைப்புகள் நீராற்பகுப்பு ஆவதால். பாலிதீனில் தண்ணீர் போய் வெட்ட ஓர் இடம்கூட இல்லை. கார்பனுக்கு அடுத்துக் கார்பன்தான், ஆயிரக்கணக்கில். பை குப்பைமேட்டில் அப்படியே கிடப்பதற்கு முக்கியமான காரணம் அந்த முதுகெலும்புதான்.

கடைசியாக நைலான் 6. இதன் ஒருபடி கேப்ரோலாக்டம்: ஆறு கார்பனும் ஒரு நைட்ரஜனும் சேர்ந்த ஏழு அணு வளையம், நிறை 113. ஜெர்மனியில் பால் ஷ்லாக் 1938-ல் இதிலிருந்து நைலான் செய்தார். கொஞ்சம் தண்ணீர் விட்டு 250 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கினால் சில வளையங்கள் திறந்து, ஒரு முனையில் அமீனும் மறு முனையில் அமிலமும் உள்ள அமினோகேப்ராயிக் அமிலமாகின்றன. அந்த முனைகள் மற்ற வளையங்களைத் திறந்து சேர்த்துக்கொண்டே போகின்றன. அலகின் நிறை 113, வளையத்தின் நிறையும் 113. மொத்தத்தில் எதுவும் வெளியேறவில்லை. ஆனால் முதுகெலும்பில் அமைடு பிணைப்பு, அதாவது அமில முனையும் அமீன் முனையும் சேரும்போது வரும் பிணைப்பு, இருக்கிறது. அமினோகேப்ராயிக் அமிலத்திலிருந்தே தொடங்கினால் 131-ல் 18 போய் அதே 113, அது அப்பட்டமான குறுக்கம். எந்த ஒருபடியிலிருந்து தொடங்குகிறீர்களோ அதைப் பொறுத்து விடை மாறுகிறது. கேப்ரோலாக்டத்திலிருந்து என்றால் சரியான பெயர் வளையத் திறப்புப் பலபடியாக்கல். பாடநூல்கள் பொதுவாக நைலான் 6-ஐப் பாலிஅமைடுகளோடு சேர்த்துக் குறுக்க வகையில் வைக்கின்றன. ஒரு மதிப்பெண் வினாவில் அப்படியே எழுதுங்கள். விரிவாக எழுத இடம் இருந்தால், வளையம் திறக்கும் படியையும் சேர்த்து வரைந்துவிடுங்கள்.